உபாத்தியாயராகப் போகிறவனின் யோசனைகள்

(கிராம வாசகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் ஆசிரியப் பயிற்சி மாணவர் ஒருவர் பேசியது)



இன்று இங்கு வந்து கல்வியைப் பற்றிப் பேசவேண்டுமென்று வாசகசாலைத் தோழர்கள் என்னைக் கேட்டபோது எனக்குச் சிறிது தயக்கமாகவே இருந்தது. ஏனெனில், நான் இன்னும் உபாத்தியாயர் ஆகிவிடவில்லை. பி.எட். படிப்பின் கடைசிப் பரீட்சையையே இனிமேல்தான் எழுதப்போகிறேன். அதற்கப்புறம் தகுதித் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் அப்புறம் உத்தியோகத்துக்குக் காத்திருப்பது என்று ஒன்று இருக்கிறது. கலியாணம் ஆகாதவன் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுவது போல் இருக்குமே என்று யோசித்தேன். ஆனாலும் இதுதான் பேசத் தகுந்த சமயம் என்றும் தோன்றிற்று. சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு பேச வாய் வருமோ வராதோ! உத்தியோகத்தில் உட்கார்ந்தவனுக்கு முதலில் மங்குவது கண்பார்வைதான் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே, மங்குவதற்கு முன் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தில் போய்ப் பாருங்கள். சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! பயிற்சிக்காக என்னை ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சில வாரங்கள் அனுப்பியிருந்தார்கள். ஊர்ப் பேர் வேண்டாம். எந்த ஊராக வைத்துக்கொண்டாலும் பொருந்தும். அங்கே பல வருஷமாக வேலை பார்த்துவரும் ஓர் உபாத்தியாயர், நல்ல மனுஷர், முதல் நாளே எனக்கு டீ வாங்கிக் கொடுத்து ஓர் உபதேசமும் செய்தார். "தம்பி, முன் இரண்டு பெஞ்சைப் பார்த்துப் பாடம் நடத்துங்கள். கடைசி பெஞ்சோடு மல்லுக்கட்டினால் உங்களுக்குத்தான் தொண்டை வலிக்கும்" என்றார்.

நானும் அப்படியேதான் செய்திருக்கிறேன். ஆனால் எனக்கே தெரியாது. ஒரு வாரம் கழித்து, என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த தோழர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து என் பாடத்தைக் கவனித்தார். ஒருவர் நடத்துவதை மற்றவர் பார்த்துக் குறிப்பெழுதுவது எங்கள் பயிற்சியில் வழக்கம். அவர் ஒரு விஷமம் செய்தார். நான் ஒவ்வொரு கேள்வியையும் எந்த பெஞ்சைப் பார்த்துக் கேட்கிறேன் என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். 40 நிமிஷத்தில் 23 கேள்விகள் கேட்டிருக்கிறேன். அவற்றில் 19 முன் இரண்டு பெஞ்சுக்கு. கடைசி பெஞ்சுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. அது என்ன கேள்வி தெரியுமா? "அங்கே என்னடா சத்தம்?" என்பது.

சிரிக்கிறீர்கள். நானும் அப்போது சிரித்தேன். பிறகு, அந்தக் கடைசி பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தபோதுதான் சிரிப்பு அடங்கிற்று. மார்க்குப் படி உட்கார வைத்ததாகச் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால், மார்க்குப் படி உட்கார வைத்தாலும் தெருப் படி உட்கார வைத்தாலும் அந்த வகுப்பில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வந்திருக்கும்! ஊர்த் தெருப் பிள்ளைகள் முன்னே. காலனிப் பிள்ளைகள் பின்னே. காலனி என்கின்ற சொல்லை அரசாங்கக் கணக்குகளிலிருந்து எடுத்துவிடுவதாக 2025-ல் சட்டசபையில் அறிவித்திருக்கிறார்கள். கணக்கிலிருந்து எடுப்பது சுலபம். நம்முடைய வாயிலிருந்து எடுக்கத்தான் நாளாகும். அதனால்தான் இப்போது நானே அதைச் சொன்னேன்.

இனி, நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி மன்றங்களைப் பற்றிய பாடம். தெருவிளக்கு போடுவது, குடிதண்ணீர் கொடுப்பது, சாக்கடையைச் சுத்தம் செய்வது இவையெல்லாம் பஞ்சாயத்தின் வேலை என்று பலகையில் எழுதி, பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்போது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், பஞ்சாயத்திலே எல்லாத் தெருக்காரங்களும் மெம்பரா இருக்காங்க. ஆனா சாக்கடை அள்ள மட்டும் ஏன் சார் எங்க தெருக்காரங்களே வர்றாங்க?" என்று கேட்டான்.

தோழர்களே! அந்த 40 நிமிஷத்தில் அந்த வகுப்பில் நடந்த ஒரே ஒரு படிப்பு அந்தக் கேள்விதான். நான் பலகையில் எழுதியது புஸ்தகத்தில் இருந்தது. அவன் கேட்டது அவன் கண்ணால் கண்டு, தானே யோசித்துக் கேட்டது. அதற்கு நான், பகுத்தறிவுப் பத்திரிகைகளைப் பத்து வருஷமாகப் படித்துவருகிற நான், மேடை ஏறிச் சமத்துவம் பேசுகிற நான், என்ன பதில் சொன்னேன்? "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரவெல்லாம் யோசித்தேன். கெட்ட எண்ணத்தினால் அல்ல. மணி அடிக்க 8 நிமிஷம்தான் இருந்தது. பாடக் குறிப்பில் இன்னும் இரண்டு பகுதி பாக்கி. பின்னால் மேற்பார்வை செய்கிறவர் உட்கார்ந்திருந்தார். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை என்பதுதான் பயங்கரம்! அக்கிரமம் நடப்பதற்கு அக்கிரமக்காரர்கள் வேண்டுமென்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மணியைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிற யோக்கியர்களே போதும்.

மறுநாள் வகுப்புக்குப் போனதும் அந்தப் பையனை எழுப்பி, "தம்பி, நேற்று நீ கேட்டது நல்ல கேள்வி. நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன். மறுபடியும் கேள்" என்றேன். அவன் எழுந்து நின்று, "ஒண்ணுமில்லே சார்" என்றான். நான் அங்கிருந்து வரும்வரை அவன் வேறு கேள்வி கேட்கவே இல்லை.

அவன் விட்ட கேள்வியை வகுப்புக்கு நானே போட்டேன். ஊரில் என்னென்ன வேலைகள் நடக்கின்றன, ஒவ்வொன்றையும் செய்கிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பிள்ளைகளையே பட்டியல் போடச் சொன்னேன். பட்டியல் வளர வளரச் சத்தம் குறைந்தது. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "அது அவங்க வேலை சார்" என்றாள். பக்கத்திலிருந்த இன்னொரு பெண், "யாரு சொன்னது?" என்று அவளைக் கேட்டாள். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பயிற்சி படிக்கத் தயார். ஆனால், மறுநாள் காலையில் ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார். "பாடம் நடத்த வந்த பையன் ஊர்க் கணக்கு எடுக்கிறானாமே!" என்பது அவர் புகார். தலைமையாசிரியர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, நீங்கள் நாலு வாரத்தில் போய்விடுவீர்கள், நான் இங்கே இருக்கவேண்டும்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பட்டியலை அழித்துவிட்டேன்.

இது கடைசி பெஞ்சின் கதை. கடைசி பெஞ்சுக்காரனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் "மக்கு". இந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்கவேண்டும்.

அம்பேத்கர் சிறு பையனாகச் சாத்தாராவில் படித்தபோது, மற்றப் பிள்ளைகளோடு உட்காரக்கூடாது என்று தனியே ஒரு சாக்குத் துணியில் உட்கார வைத்தார்கள். அந்தச் சாக்கையும் அவரே தினம் வீட்டுக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவரவேண்டும். தாகமெடுத்தால் பள்ளிக்கூடத்துப் பியூன் வந்து குழாயைத் திறந்துவிடவேண்டும்; பியூன் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. அந்தப் பிள்ளை ஒரு பரீட்சையில் தவறியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "பார், அந்த ஜாதிக்குப் படிப்பு வராது" என்றுதானே? சாக்குத் துணியைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ யாராவது வாய் திறந்திருப்பார்களா?

அதற்கு முன்னாலேயே, 1882-ல், ஹண்டர் கமிஷன் முன் ஜோதிராவ் பூலே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் இரண்டு விஷயங்கள் சொன்னார். சர்க்கார் வருமானம் குடியானவன் உழைப்பிலிருந்து வருகிறது, அதைக் கொண்டு நடக்கும் படிப்போ மேல் வகுப்பாருக்குப் போகிறது என்பது ஒன்று. ஆரம்பப் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் ஏறக்குறைய எல்லோரும் பிராமணர்களாகவே இருக்கிறார்கள். உழுகிற ஜனங்களிலிருந்தே உபாத்தியாயர்களைத் தயார் செய்தால் பிள்ளைகளோடு கூசாமல் பழகுவார்கள், அவர்கள் தேவையும் தெரியும் என்பது இன்னொன்று. இதைப் படித்தபோது நான் பெருமைப்பட்டுக்கொண்டேன், நானும் உழுகிற வீட்டுப் பிள்ளைதானே என்று. ஆனால், பழகக் கூசாதவன் என்று பூலே யாரை நம்பினாரோ அவன்தான் அந்தப் பையனை "உட்கார்" என்றவன். உபாத்தியாயரின் ஜாதி மாறினால் மட்டும் போதவில்லை. உபாத்தியாயர் நாற்காலிக்கே ஒரு ஜாதி இருக்கிறது போலும்!

நமது நாட்டில் என்ன நடந்தது? 1925-க்கு முன்பின்னாகச் சேரன்மாதேவி குருகுலத்தில், பொதுப் பணத்தில் நடந்த இடத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதும் அதனால் எழுந்த கிளர்ச்சியும் உங்களுக்குத் தெரிந்த சங்கதி. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை ஆரம்பக் கல்வியில் ஒரு மாறுதல் கொண்டுவந்தது. பிள்ளைகள் தினம் 3 மணி நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தால் போதும். மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்பது அது. வக்கீல் மகன் அந்த மீதி நேரத்தில் என்ன கற்பான், வண்ணார் மகன் என்ன கற்பான் என்று ஜனங்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. 1954-ல் காமராஜர் பதவிக்கு வந்ததும் அத்திட்டம் ஒழிந்தது. பிறகு 1956-ல் மதிய உணவு வந்தது, 1982-ல் சத்துணவு, 2022-ல் காலைச் சிற்றுண்டி. இவைகளுக்கெல்லாம் முன்னே 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கில் நகரசபைப் பள்ளிக்கூடத்தில், தியாகராய செட்டியார் காலத்தில், பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பார்த்தார்கள்.

இதன் பலன் என்ன? 1951-ல் நமது தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 20 பேர். 2011 கணக்குப்படி 80 பேர். இந்த 60 வருஷத்தில் ஜனங்களுக்குப் புதிதாக மூளை முளைத்துவிட்டதா? சோறு வந்தது, பக்கத்தில் பள்ளிக்கூடம் வந்தது, உள்ளே விட்டார்கள். அவ்வளவுதான். இதற்கு முன் ஆயிரம் வருஷமாக "படிப்பு அவனுக்கு வராது" என்று சொல்லிவந்தார்களே, அந்த வார்த்தைக்கு உரியவர்கள் இப்போது யாராவது வந்து மன்னிப்புக் கேட்டார்களா? இல்லை. "தகுதி", "திறமை" என்று பெயரை மாற்றிக்கொண்டு அதே வார்த்தை திரும்பி வந்திருக்கிறது.

காசுள்ளவர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவதால் ஏற்பட்டிருக்கும் பேதத்தைப் பற்றித் தனியே ஒரு நாள் பேசவேண்டும். பெண் பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நான் போன பள்ளிக்கூடத்தில் வகுப்பைக் கூட்டுவது பெண்கள், மணி அடிப்பது ஆண்கள். இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் ஒரு நாள்கூட மாறி நடந்ததில்லை.

சரி, உள்ளே விட்டாகிவிட்டது, சோறும் போட்டாகிவிட்டது, இனி என்ன குறை என்று சிலர் கேட்கலாம். 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவினாசி வட்டாரத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பு அம்மாள் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார் என்பதற்காக ஊர்க்காரர்கள் எதிர்ப்புச் செய்து, அவரை வேறு இடத்துக்கு மாற்றவும் வைத்தார்கள். பிறகு போராட்டம் நடந்துதான் அந்த மாற்றல் ரத்தாயிற்று. எதிர்த்தவர்கள் யார்? சாப்பிடுகிற பிள்ளைகளா? பெற்றவர்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உடன் படிக்கும் மேல்ஜாதிப் பையன்கள் செய்த துன்பம் பொறுக்காமல் ஒரு தாழ்த்தப்பட்ட மாணவன் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றுவிட்டான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டார்கள். அவன் உள்ளதைச் சொன்னான். அன்று இரவே அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் ரௌடிகள் அல்ல; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை விசாரிக்கச் சொல்லி, 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். ஜாதி அடையாளமான வர்ணக் கயிறுகளைக் கையில் கட்டக்கூடாது, பள்ளிக்கூடப் பெயர்களில் ஜாதி இருக்கக்கூடாது, பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்கவேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறார். அகரவரிசை என்பதைப் படித்தபோது என் 23 கேள்விகள்தான் நினைவுக்கு வந்தன.

தோழர்களே! தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்பது அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு. அதை நாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பையன்களும் அதைப் படித்துத்தான் இருப்பார்கள். பரீட்சையில் கேட்டால் சரியாக எழுதி மார்க்கும் வாங்கியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதைவிட நமது படிப்பின் யோக்கியதைக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

கயிற்றைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவமே உண்டு. ஒன்பதாம் வகுப்பில் நானும் கட்டியிருந்தேன். என்ன நிறம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் உடனே என் ஜாதியைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அவ்வளவு தேர்ச்சி நமக்கு! அதை எனக்கு வாங்கிக் கட்டிவிட்டது ஒரு மாமா. கயிறு பத்து ரூபாய். கட்டிக்கொண்ட அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது ஓர் உபாத்தியாயராவது, "இது எதற்கு? இல்லாதவனுக்கும் உனக்கும் இதனால் என்ன வித்தியாசம்?" என்று கேட்டிருந்தால் என் வாயில் பதில் இருந்திருக்காது. யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். தானாகவே கழற்ற எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

ஆனால் ஓர் உபாத்தியாயரிடம் நான் பட்ட கடன் பெரியது. அதையும் சொல்லவேண்டும். 2019 டிசம்பர் 26-ந் தேதி சூரிய கிரகணம். கோயமுத்தூர், திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் சூரியன் மோதிரம் போல் தெரிந்தது. எங்கள் வீட்டில் அப்பாயி ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார்கள். உலக்கை நின்றது! தெருவே கூடிவிட்டது. கிரகணத்தின் சக்தி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் மலைத்துப்போய், டீக்கடையில் இருந்த எங்கள் விஞ்ஞான உபாத்தியாயரிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை, மூடநம்பிக்கை என்று பிரசங்கமும் செய்யவில்லை. "அப்படியா? நாளைக்கும் நிறுத்திப் பாரேன்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் கிரகணம் இல்லை. நிறுத்தினேன். உலக்கை நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. அடி தட்டையாக இருக்கிற கட்டை நிற்காமல் என்ன செய்யும்? மூன்றாம் நாள் அப்பாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்கள் வெகு நேரம் பார்த்துவிட்டு, "அப்ப அறுவது வருசமா எவனுமே மறுநாள் நிறுத்திப் பாக்கலையா?" என்று கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி கேட்ட கேள்வி அது.

அந்த ஒரு வாக்கியம், "நாளைக்கும் நிறுத்திப் பாரேன்" என்பதுதான், கல்வி என்று நான் நினைக்கிறேன். எங்கள் காலேஜில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிரேசில் தேசத்தில் பாலோ பிரெய்ரே என்று ஓர் அறிஞர் இருந்தார். 1963-ல் ஆங்கிக்கோஸ் என்கின்ற ஊரில் சுமார் 300 தொழிலாளிகளுக்கு 40 மணி நேரப் படிப்பில் எழுத்தறிவிக்கும் வேலையை நடத்தினார். அரிச்சுவடியிலிருந்து தொடங்காமல், அவர்கள் வாழ்க்கையில் அன்றாடம் புழங்கும் சொற்களை எடுத்து, அவற்றைப் பற்றிப் பேசி, விவாதித்து, அந்தச் சொல்லிலிருந்தே எழுத்தைக் கற்பித்தார். அக்காலத்தில் அங்கே எழுத்தறியாதவனுக்கு ஓட்டு இல்லை. கூலிக்காரன் எழுத்தும் கற்று, "ஏன்?" என்றும் கேட்டு, ஓட்டும் போட்டால் என்ன ஆகும்? 1964-ல் பட்டாளம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள். பிறகு பல வருஷம் அவர் வெளிநாடுகளில் வாழவேண்டியதாயிற்று. நமது படிப்பு முறையை அவர் பாங்கியில் பணம் கட்டுவதற்கு ஒப்பிட்டார்: உபாத்தியாயர் கட்டுகிறவர், பிள்ளை வாங்கி வைத்துக்கொள்ளுகிற பெட்டி. நம்மூருக்குக் கோயில் உண்டியல் என்று சொன்னால் இன்னும் பொருந்தும். பாங்கியிலாவது கணக்குக் கேட்கலாம்!

இந்த இடத்தில் நம்மவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளக்கூடாது. நான் உபாத்தியாயர் வேலைக்குப் படிப்பதைக் கேட்டு ஒரு தோழர், "ரொம்ப சந்தோஷம். வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகளாவது நம்ம ஆட்களாகி விடுவார்கள்" என்றார். நான் அதற்குச் சம்மதிக்கமாட்டேன். ஜாதி இல்லை, பேய் இல்லை, ராகு கேது இல்லை என்று நான் சொல்ல, "ஆமாம் சார்" என்று நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னால், எனக்கும் புரோகிதருக்கும் மந்திரத்தில்தான் வித்தியாசம். வேலையில் வித்தியாசம் இல்லை. நாளை இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்து உண்டு என்றால் அதற்கும் "ஆமாம் சார்" என்றுதான் வரும். எங்கள் உபாத்தியாயர் அன்று டீக்கடையில் கிரகணம் என்றால் என்ன என்று விளக்கி அனுப்பியிருந்தால் நான் அதை அன்றே மறந்திருப்பேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நான் சொன்னது தப்பு என்று நிரூபித்தால், அன்று சம்பளம் வாங்க எனக்கு யோக்கியதை உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

"இதெல்லாம் பேசலாம், நடக்குமா?" என்று கேட்பீர்கள். கஷ்டம்தான். ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் 60 பிள்ளைகள் வரைக்கும் 2 உபாத்தியாயர்கள் போதும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்லுகிறது. அந்த இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கவேண்டும். அதோடு ஓயாத கணக்கு வழக்கு வேலைகள். கேள்வி கேட்க விடுவதற்கு நேரம் எங்கே என்று அவர்கள் சொல்லுவது முழுப் பொய்யல்ல. ஆனால், ஆராயும் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் கடமை என்று 1976-லேயே அரசியல் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே பிள்ளை "ஏன்?" என்று கேட்பது அடங்காத்தனம் அல்ல, சட்டப்படியான கடமை! அடிப்பதும் மனம் நோகச் செய்வதும்தான் 2009-ம் வருஷச் சட்டப்படி கூடாதவை. "மக்கு" என்பதும் மனம் நோகச் செய்வதுதான்.

பெரியவர்களே! உபாத்தியாயர்கள் செய்யவேண்டியதைச் சொன்னேன். உங்களை விட்டுவிடுவதாக இல்லை. கயிற்றுக்குப் பத்து ரூபாய் கொடுத்தது யார்? சமைக்கிற அம்மாளின் ஜாதியை விசாரித்துப் பிள்ளைக்குச் சொன்னது யார்? என்னை ஊர்க் கணக்கு எடுக்கிறான் என்று புகார் சொல்லப் போனவரும் ஒரு தகப்பனார்தான். ஒவ்வொரு அரசாங்கப் பள்ளிக்கூடத்திலும் பெற்றோர்கள் உட்காரும் மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. அதில் போய்ச் சுவருக்குச் சுண்ணாம்பு, கக்கூசுக்குக் கதவு என்று கேட்கிறீர்கள், கேட்கவேண்டியதுதான். அதோடு, பிள்ளைகளை எப்படி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் உள்ளே போய்ப் பாருங்கள். வகுப்பைக் கூட்டுவது யார், கடைசி பெஞ்சு எந்தத் தெரு என்று பாருங்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் எத்தனை மார்க்கு என்று கேட்கிறீர்களே, இன்றைக்கு வகுப்பில் நீ என்ன கேள்வி கேட்டாய் என்று கேளுங்கள்.

வேலை கிடைக்க எனக்கு இன்னும் எத்தனை வருஷமாகுமோ தெரியாது. அதுவரை சும்மா இருப்பதாக இல்லை. அடுத்த திங்கட்கிழமை முதல் இந்த வாசகசாலையிலேயே சாயங்காலம் 6 மணி முதல் 8 மணி வரை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது என்று தோழர்களும் நானும் முடிவு செய்திருக்கிறோம். பெஞ்சு கிடையாது, பாயில் வட்டமாகத்தான் உட்காரவேண்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளையும் அனுப்புங்கள். அனுப்ப மனமில்லாதவர்கள், ஏன் மனமில்லை என்பதை மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போங்கள், சண்டை போடமாட்டோம்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கடைசி பஸ் போவதற்கு இன்னும் அரைமணி இருக்கிறது. கேள்வி இருக்கிறவர்கள் கேட்கலாம். முன்னால் நாற்காலியில் இருக்கிற பெரியவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதோ பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டிருக்கிறார்களே, அந்தத் தாய்மார்கள் முதலில் கேட்கட்டும்.